அறுந்துகொண்டே இருந்த பெல்ட்

தேசிகன் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அந்த நாற்காலியில் இருப்பவர் தானாக எதையும் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்கள் செய்து முடித்ததில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்தால் போதும். வேலூரிலிருந்து பெங்களூர் வந்த நாள் முதல் அவருக்கு இதில் நல்ல பெயர். வீட்டிலும் அந்தத் திறமையை அவர் வீணாக்கவில்லை. ரசத்தில் உப்புக் கூடினால் முகத்தைச் சுளித்துவிட்டுச் சாப்பிடுகிற சாதாரணக் கணவர் இல்லை அவர். இது ஏன் நடந்தது என்று கேட்பார். கை தவறிவிட்டது என்பாள் மனைவி சொர்ணம். கை ஏன் தவறியது என்பார். ஃபோன் அடித்தது என்பாள். ஃபோன் அடிக்கும்போது ஏன் உப்பு டப்பாவைத் தொட்டாய் என்பார். இப்படி ஏன், ஏன் என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால் எந்தக் கோளாறின் மூலகாரணமும் சிக்கிவிடும் என்று அலுவலகத்தில் பாடம் நடத்துவார். வீட்டில் சிக்கிய மூலகாரணம் எப்போதும் சொர்ணமாகவே இருந்தது.

தொண்ணூற்றெட்டில் அவர் கார் வாங்கினார். புதிது இல்லை. சொர்ணத்தின் அண்ணன் சுப்ரமணியன் வைத்திருந்த வெள்ளைக் கார். சுப்ரமணியன் பொம்மனஹள்ளியில் தையல் ஃபேக்டரிகளுக்குப் பட்டனும் ஜிப்பும் சப்ளை செய்பவர். மூட்டை அதிகமாகிவிட்டதால் வேன் வாங்கினார்; கார் சும்மா நின்றது. சொந்தத்துக்குள் பழைய வண்டி கொடுக்கல் வாங்கல் வேண்டாமே என்று அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அதை விலையேற்றுகிற தந்திரம் என்று புரிந்துகொண்டார் தேசிகன். வாங்கியே தீருவது என்று முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்குப் போனார். டயரை உதைத்துப் பார்த்தார். நான்கு கதவுகளையும் திறந்து திறந்து மூடினார். கைக்குட்டையால் டாஷ்போர்டைத் துடைத்து, தூசி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். பானெட்டை மட்டும் திறக்கவில்லை. அது மெக்கானிக்குகள் பார்க்கிற இடம்.

கார் ஒரு மாதம் நன்றாக ஓடியது. பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து கிளம்பி, மடிவாளாவில் ஓஸ்வால்டை ஏற்றிக்கொண்டு ஓசூர் ரோட்டில் போவார். ஓஸ்வால்ட் அதே கம்பெனியில் கணக்குப் பிரிவு, ஆஸ்டின் டவுன்காரர், ஓசியில் வருகிற நாகரிகமான மனிதர் என்பதால் தேசிகன் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் காலை பொம்மனஹள்ளி தாண்டும்போது வண்டிக்குள்ளிருந்து யாரோ கிள்ளிவிட்ட குழந்தைபோல ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. பிறகு படாரென்று ஒன்று. டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. வெப்பம் காட்டுகிற முள் சரசரவென்று மேலே ஏறியது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், எஞ்சின் ஓரத்தில் ஓட வேண்டிய ரப்பர் பெல்ட் நாராகக் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு பெல்ட்தான் எஞ்சினின் சுழற்சியை எடுத்து இரண்டு இடத்துக்குக் கொடுக்கிறது. ஒன்று, எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பு. இன்னொன்று, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர். பெல்ட் போனால் இரண்டும் நின்றுவிடும். அதற்குமேல் ஓட்டினால் எஞ்சினும் போய்விடும். இதைப் பக்கத்தில் கடை வைத்திருந்த மெக்கானிக் நாணு விளக்கினார். பழைய பெல்ட் சார், ஆயுசு முடிஞ்சிருக்கும் என்று புதியது போட்டுக் கொடுத்தார். தேசிகன் திருப்தியாகப் போனார்.

அந்தப் பெல்ட்டின் ஆயுள் பழையதைவிடக் குறைவாக இருந்தது. அடுத்ததின் ஆயுள் அதைவிடக் குறைவு. பெல்ட் கீச்சிட்டால் இறுக்க வேண்டும் என்பது நாணுவின் சித்தாந்தம். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட இறுக்கினார். நாலு நாள் சத்தம் நிற்கும். இறுக்கிய இறுக்கில் ஆல்டர்னேட்டரின் பேரிங் தேய்ந்து உறுமத் தொடங்கியது, அதை மாற்றினார்கள். பிறகு தண்ணீர்ப் பம்பின் பேரிங் போய், நின்ற இடத்திலெல்லாம் வண்டி தண்ணீர் விட்டது, அதையும் மாற்றினார்கள். இவ்வளவும் புதிதான பிறகு, புத்தம்புதிய பெல்ட் ஒன்று பொம்மனஹள்ளியை எட்டுவதற்கு முன்பே கழன்று விழுந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் வந்தால் நாணுவைப் பார்க்காமல் போக மனசு வருவதில்லை என்று ஓஸ்வால்ட் சொன்னார். அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் கம்பெனி பஸ்ஸுக்கு மாறிவிட்டார். காரணம் கேட்டதற்கு, பஸ்ஸில் காற்று நன்றாக வருகிறது என்றார்.

எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. பெல்ட் விற்கிற கடைக்காரர் ஆல்டர்னேட்டரைக் குறை சொன்னார். ஆல்டர்னேட்டரைப் பிரித்த எலெக்ட்ரீஷியன் பேட்டரியைக் குறை சொன்னார். பேட்டரிக்காரர் பெல்ட்டைக் குறை சொன்னார். இப்படிக் குற்றம் ஒரு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் யாரையும் குறை சொல்லாமல், முன்பக்கம் ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் கட்டச் சொன்னார். தேசிகன் விஞ்ஞானத்தை நம்புகிறவர் என்பதால் அதை மறுத்துவிட்டார். மறுநாள் அது கட்டப்பட்டிருந்தது; சொர்ணம் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, அவர் அதை அவிழ்க்கவும் இல்லை.

கடைசியில் அவர் தன் துறைக்கே திரும்பினார். ஒரு வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் தனக்குக் கீழே இருந்தவர்களைக் கூட்டி, வெள்ளைப் பலகையில் மீன் முள்ளைப்போல ஒரு படம் வரைந்தார். தலைப்பகுதியில் அறுந்த பெல்ட். முட்களில் ரோடு, உதிரிப் பாகம், மெக்கானிக், ஓட்டுநர், பழைய உரிமையாளர். ஓட்டுநர் என்ற முள்ளை முதலிலேயே அடித்துவிட்டார். மற்றவற்றைக் கொஞ்ச நேரம் விவாதித்துவிட்டு, பழைய உரிமையாளரைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ஏதோ ஒரு மறைமுகக் கோளாறு தெரிந்தே தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பது முடிவு. கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். சம்பள உயர்வு பேசுகிற மாதம் அது.

அதன் பிறகு பொம்மனஹள்ளி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. மச்சான் விற்கிற பட்டன் மாதிரிதான் மச்சான் விற்கிற காரும், ஒரு தடவை போட்டாலே அறுந்துவிடுகிறது என்பார். ஜிப் மாதிரி நடுவில் நின்றுவிடுகிறது என்பார். இந்த நகைச்சுவைகளுக்கு அவரே சிரித்தும் கொள்வார். சுப்ரமணியன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மிஞ்சிப்போனால், வேறு யாரிடமாவது ஒரு தடவை காட்டிப் பாருங்களேன் மாப்ளே என்பார். அவர் மனைவி பாஞ்சாலி சாம்பார்க் கரண்டியைப் பாத்திரத்தில் போடும் சத்தம் மட்டும் வரவர அதிகமாகிக்கொண்டிருந்தது. சொர்ணம் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், அண்ணனை விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். தான் ஆளைக் குறை சொல்வதில்லை, முறையைத்தான் குறை சொல்வதாகத் தேசிகன் விளக்கினார்.

தை மாதத்தில் ஓசூரில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. பாஞ்சாலியின் சொந்தக்காரப் பெண்ணுக்கு. நால்வரும் ஒரே காரில் போவது என்று ஏற்பாடு. வேனில் பட்டன் மூட்டை ஏற்றியிருந்ததால் அது வேண்டாம் என்றாகிவிட்டது. சுப்ரமணியன் பட்டு வேட்டியோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் இருவரும், மடியில் தாம்பாளங்களோடு. பொம்மனஹள்ளியைப் பத்திரமாகத் தாண்டினார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினார்கள். பரவாயில்லையே, வண்டி இன்றைக்குப் பழைய முதலாளியைப் பார்த்ததும் அடக்கமாக ஓடுகிறதே என்று தேசிகன் சொல்லி வாயை மூடுவதற்குள், சந்தாபுரா பக்கத்தில் அந்தக் கீச்சுச் சத்தம் வந்தது. பிறகு படார். பிறகு சிவப்பு விளக்கு.

ஓரமாக நிறுத்தினார்கள். லாரிகள் காற்றை வாரி அடித்துவிட்டுப் போயின. தேசிகன் பக்கத்து டெலிஃபோன் பூத்திலிருந்து நாணுவை அழைத்துவிட்டு வந்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார். முதலில் பெல்ட்டைப் பற்றி. பிறகு மனிதர்களைப் பற்றி. டீக்கடையில் நின்றவர்கள் இரண்டு பேர் கிளாஸோடு அருகில் வந்து நின்றார்கள். கேட்க ஆள் சேர்ந்ததும் அவருக்கு இன்னும் தெளிவாகப் பேச வந்தது.

"தங்கச்சி புருஷன்தானே, ஏமாந்தாலும் வெளிய சொல்ல மாட்டான்னு தள்ளிவிட்டுட்டீங்க. வெளியாளுக்கு வித்திருந்தா கோர்ட்டுக்கு இழுத்திருப்பான், இல்ல மச்சான்?"

சுப்ரமணியன் வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. பாஞ்சாலி தாம்பாளத்தைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி, தேசிகனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணே, இவரு பேசலைன்னா இவருக்கு வாயில்லைன்னு அர்த்தம் இல்ல. இடிச்சது ஒருத்தர், வருஷம் பூரா ஏச்சு வாங்கறது இன்னொருத்தரா?"

"பாஞ்சாலி, சும்மா இரு" என்றார் சுப்ரமணியன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தேசிகனின் முகம் மலர்ந்தது. சாட்சியே கூண்டில் ஏறி வந்ததுபோல இருந்தது அவருக்கு. அப்படியானால் வண்டி முன்பே இடித்திருக்கிறது, அதை மறைத்திருக்கிறார்கள், நான் அப்போதே சொன்னேன் என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். யார் இடித்தது, எப்போது, எங்கே என்று கேள்விகளை அடுக்கினார்.

சொர்ணம் காருக்குள்ளிருந்து இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"நான்தாங்க இடிச்சேன்" என்றாள்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தேசிகன் பானெட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் மேலே சொன்னாள், சமையல் குறிப்பு சொல்வதுபோல நிதானமாக. கார் அண்ணனிடம் இருந்தபோது, இவர் சனிக்கிழமைகளில் அலுவலகம் போன பிறகு, அவளுக்கு அண்ணன் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில். அப்போது அங்கே வீடுகளைவிட வெற்று மனைகள்தான் அதிகம். நன்றாகத்தான் ஓட்டினாளாம். ஒருநாள் குறுக்கே மாடு வந்துவிட, திருப்பிய வேகத்தில், இந்த மனை விற்பனைக்கு அல்ல என்று போர்டு வைத்திருந்த கருங்கல் தூணில் மோதிவிட்டாள். முன்பக்கம் உள்ளே போய்விட்டது. அவளுக்கு நெற்றியில் லேசான வீக்கம். அலமாரிக் கதவு இடித்தது என்று சொன்னாளே, அது.

தேசிகனுக்கு அந்த வீக்கம் நினைவிருந்தது. அலமாரிக் கதவை ஏன் திறந்து வைத்தாய் என்று அன்று அவர் கேட்டிருந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். குரல் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சொல்லியிருந்தா நீங்க ஏன்னு கேட்டிருப்பீங்க."

டீக்கடைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். தேசிகன் அவரைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் சொர்ணம் நிறுத்தவில்லை.

"கார் கத்துக்கட்டுமான்னு மொதல்ல உங்ககிட்டதான் கேட்டேன். மிக்ஸியையே ரெண்டு தடவை எரிச்சவளுக்கு ஸ்டீயரிங் எதுக்குன்னு சொன்னீங்க. ஓஸ்வால்ட் சார் சாப்பிட வந்திருந்தாரு, அவர் எதிர்லயே சொன்னீங்க. அதுக்கப்புறம்தான் அண்ணன்கிட்ட போனேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். ஏசணும்னா என்னை ஏசுங்க. அவரு உங்களுக்குப் பயந்து சும்மா இல்ல, எனக்காக சும்மா இருந்தாரு."

பெல்ட் ஏன் அறுந்தது என்று புறப்பட்ட கேள்வி ஒவ்வொரு படியாக இறங்கி இறங்கி, தேசிகனின் காலடியில் வந்து நின்றது. மீன்முள் படத்தில் முதலிலேயே அடிக்கப்பட்ட ஓட்டுநர் முள். அலுவலகமாக இருந்தால் மேலும் ஒரு கேள்வி கேட்டிருப்பார். இங்கே அவர் பானெட்டுக்குள் எட்டிப்பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். உள்ளே அவருக்கு எதுவும் புரியாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெண்கள் இருவரும் ஓசூர் பஸ்ஸை நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். சொர்ணம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்களும் இளநீர்க் கடை நிழலில் நின்றார்கள். சுப்ரமணியன் இரண்டு இளநீர் வாங்கி ஒன்றை நீட்டினார். தேசிகன் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு அதைக் குடிப்பதே பெரிய வேலையாக இருந்தது.

பிறகு சுப்ரமணியனே சொன்னார். இடித்த வண்டியை அத்திபெலேயில் ஒரு பட்டறையில் கொடுத்துச் சரி செய்தாராம். உள்ளே எதையோ தாங்குகிற ஒரு இரும்பு உடைந்திருந்தது, வெல்டிங் வைத்துவிட்டோம் என்று பட்டறையில் சொன்னார்கள். அதற்குள் வேன் வந்துவிட்டதால் அவர் காரை அதிகம் எடுக்கவில்லை. பெல்ட் அறுகிறது என்று கேட்டபோது முதலில் ஒன்றும் தோன்றவில்லை. போகப் போகத்தான் சந்தேகம் வந்தது.

"இடிச்ச வண்டின்னு சொன்னா, யாருன்னு கேப்பீங்க. எனக்குப் பொய் சரியா வராது மாப்ளே. அதான் வேற எடத்துல காட்டுங்கன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

தேசிகன் இளநீர்க் காயைக் கீழே போட்டார். அவரைப் போலத் தெளிவாகப் பேசுகிறவர்களுக்கு இம்மாதிரி நேரத்துக்கான வார்த்தைகள் மட்டும் எங்கேயும் கற்றுக்கொடுக்கப்படுவதில்லை. வெயில் அதிகமாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றார் சுப்ரமணியன்.

நாணு மொபெட்டில் வந்தார், தோளில் புது பெல்ட்டை மாலைபோல மாட்டிக்கொண்டு. வண்டி முன்பக்கம் இடித்தது என்று கேட்டதும் பெல்ட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏன் சார், இதை ஹேளவே இல்லியே, சொல்லவே இல்லியே என்றார். பிறகு ஒரு நேரான இரும்புப் பட்டையை எடுத்து, பெல்ட் ஓடுகிற சக்கரங்களின் முகத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தார். எஞ்சின் சக்கரமும் பம்புச் சக்கரமும் பட்டையை ஒட்டி நின்றன. ஆல்டர்னேட்டரின் சக்கரம் மட்டும், கல்யாண ஃபோட்டோவில் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கிற உறவினரைப்போலச் சாய்ந்து, பின்னால் தள்ளி நின்றது. அதைத் தாங்குகிற பிராக்கெட்டில், மென்று துப்பிய சூயிங்கம் போல வெல்டிங் கட்டி. உடைந்ததைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். ஒரே நேரில் ஓட வேண்டிய பெல்ட் அங்கே மட்டும் சாய்ந்து ஏறி, ஒரு பக்கமாகவே தேய்ந்து, நாராகிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் கோணல் நேராகாது, பேரிங்தான் சாகும். காரின் டிக்கியில் கிடந்த பழைய பெல்ட்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே பக்கம் தேய்ந்திருந்தன. அவை அத்தனையையும் மாற்றியது நாணுதான். மாட்டியதும் கழற்றியதும் அந்தக் கைகள்தான்.

இவ்வளவு நாள் இதை ஏன் பார்க்கவில்லை என்று தேசிகன் கேட்டார்.

"பழைய ஓனர்தான் சரியில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே சார். அதுக்கப்புறம் நான் என்னத்தைப் பாக்கறது?" என்றார் நாணு, கொஞ்சமும் வெட்கமில்லாமல். பெல்ட் வியாபாரத்தில் அவருக்கு அது நல்ல வருஷம்.

புது பெல்ட்டை மாட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு ஓசூர் போய்ச் சேர்ந்தபோது நிச்சயதார்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. சொர்ணம் பரிமாறிக்கொண்டிருந்தாள். கணவர் இலையில் பாயசம் ஊற்றினாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் தேசிகன் நாணுவோடு சிவாஜிநகரில் பழைய உதிரிச் சாமான் விற்கிற குஜிரிக் கடைகளில் அலைந்து, பழைய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல பிராக்கெட் ஒன்றைத் தேடிப் பிடித்தார். மாட்டினார்கள். மூன்று சக்கரமும் ஒரே வரிசைக்கு வந்தன. நாணு பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு மட்டும் இறுக்கினார். கீச்சுச் சத்தம் அதோடு போயிற்று. அலுவலகத்தில் மீன்முள் படத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு, வெளிக்காரணம் ஒன்று கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது என்றார் தேசிகன்.

பொம்மனஹள்ளிக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனார். சுப்ரமணியன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். தேசிகனும் உட்கார்ந்து, நிறம் மாறிக் கலந்திருந்த பட்டன்களைக் கேட்காமலே பொறுக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, வண்டி இப்போது நல்லா ஓடுது மச்சான் என்றார். மன்னிப்பு என்ற ஊருக்கு அவரால் அவ்வளவு தூரம்தான் போக முடிந்தது. சந்தோஷம் மாப்ளே என்றார் சுப்ரமணியன். பாஞ்சாலி காபி கொண்டுவந்து வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

சொர்ணம் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வரவில்லை. அவளுக்குத் தானே கார் ஓட்டக் கற்றுத்தருவதாகத் தேசிகன் பெருந்தன்மையோடு அறிவித்தார். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம், ஏன் இவ்வளவு தாமதம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வண்டியை ஓரமாக, ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சத்தைப் பட்டன் வேனில் கற்றுக்கொண்டாள். இந்தத் தடவை யாருக்கும் ஒளிக்கவில்லை. கோரமங்களா ஆர்.டி.ஓ.வில் லைசென்ஸ் எடுத்த அன்று, அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, நல்லா வந்திருக்கு என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, அவள் ஓட்ட, தேசிகன் இடது சீட்டில் உட்கார்ந்து போனார். சில்க் போர்டு சந்திப்பில் பஸ்களும் ஆட்டோக்களும் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பஸ் நெருங்கும்போதும் தேசிகனின் வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. சொர்ணம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"காலை எடுங்க. அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."

அவர் காலை இழுத்துச் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். அவள் ஹாரன் அடித்து, ஒரு பி.எம்.டி.சி. பஸ்ஸுக்கு முன்னால் வண்டியை நுழைத்துத் திருப்பினாள். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகக் கன்னடத்தில் ஏதோ திட்டினார். சொர்ணமும் கன்னடத்திலேயே, அதைவிட நீளமாக, பதில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு நல்ல கன்னடம் தெரியும் என்று தேசிகனுக்கு அதுவரை தெரியாது.